பெரியவர் வாயில இருக்கார்

பால் மாவு ஆலையில் அவருக்குப் பஞ்சு என்று பெயர். வயதில் சின்னவர்கள் பஞ்சண்ணே என்பார்கள். உடம்பு ஒன்றும் பஞ்சு போல இருக்காது, நல்ல உருட்டுக்கட்டை உடம்பு. வேலைதான் பஞ்சு. ஒரு நீளக் குச்சி, அதன் நுனியில் சின்ன உருண்டையாகப் பஞ்சு. அதை வைத்து இயந்திரத்தின் விளிம்பு, மூடியின் அடிப்பக்கம், சுவர் மூலை, தரை, வடிகால் என்று ஒவ்வோர் இடமாகத் தேய்த்து, தனித்தனிக் குழாயில் போட்டு மூடி, ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தேய்த்த இடத்தைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பஞ்சைப் பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. ஒன்றுமில்லாததை அத்தனை பத்திரமாக ஏந்திக்கொண்டு நடக்கிற ஆளை வேறெங்கும் பார்க்க முடியாது.

முன்னே அதே ஆலையில் பால் தொட்டி கழுவிக்கொண்டிருந்தவர்தான். தேய்த்துக் கழுவிவிட்டு மேலே ஏறி வந்து, விளக்கு அடித்துப் பார்த்து, மனசு ஆறாமல் மறுபடியும் உள்ளே இறங்குவார். அந்தக் குணத்துக்காகவே இந்த வேலையை அவரிடம் கொடுத்தார்கள். வீட்டிலும் அதே குணம்தான். கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் தங்கை வீட்டு மாடி அறையில் இருந்தார். தங்கை கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து இன்னொரு தரம் கழுவித்தான் தண்ணீர் குடிப்பார். "எங்கண்ணனுக்கு வயித்துல பூச்சி இல்ல, மண்டையிலதான்" என்று தங்கை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் புருஷன் அதே ஆலையின் லாரி டிரைவர். பஞ்சு அவனை மாப்பிள்ளை என்பார், அவன் இவரை மச்சான் என்பான். இரண்டு பேரும் ஒரே வண்டியில் வேலைக்குப் போய் ஒரே வண்டியில் வருவார்கள். ஆனால் ஆலைக்குள் இரண்டு பேரும் இரண்டு உலகம். லாரிக்காரன் உள்ளே வர முடியாது. பஞ்சு உள்ளே போனால் வேலை முடியாமல் வெளியே வர முடியாது. செல்போனைக்கூட உடை மாற்றும் அறையில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ரொம்ப நாள் காத்திருந்து தங்கைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டதால் பூனைக்குட்டி அளவுதான் இருந்தது. தாய்ப்பால் போதவில்லை. டப்பா பால் கொடுக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து பஞ்சு தங்கையை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், அந்தச் சூட்டிலேயே மாவைக் கலக்க வேண்டும், அப்புறம்தான் ஆற்ற வேண்டும். குழந்தை வீறிட்டு அழுதாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிக் கொடுக்கக் கூடாது. அவள் வாய்க்குள் முனகிக்கொண்டே செய்வாள்.

அவர் அப்படிப் படுத்தியதற்குக் காரணம் இருந்தது. மாவுக்குள் நுழையக்கூடிய கிருமிகள் பல. முக்கால்வாசி ஒன்றும் செய்யாது. ஒன்று மட்டும் காய்ந்த மாவில் செத்தது போலக் கிடக்கும். வெதுவெதுப்பாகத் தண்ணீர் பட்டால் எழுந்து உட்காரும். பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் ஏறி மூளைவரை போகும். அதற்கு ரயில் வண்டி போல நீளமான பெயர். ஆலையில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெரியவர் என்பார்கள். காலையில் ஆய்வுக்கூடத்துக் கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, பெரியவர் வந்தாரா என்பதுதான். வரவில்லை என்று கேட்ட பிறகுதான் எல்லாருக்கும் டீ இறங்கும்.

பெரியவரைக் கண்டுபிடிப்பதும் சுலபம் இல்லை. அவருக்குப் பங்காளிகள் அதிகம். பார்வைக்கு எல்லாரும் ஒரே அச்சு. முன்பெல்லாம் நிறத் தண்ணீரில் போட்டு, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்து, இவரா அவரா என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அப்புறம்தான் அந்த இயந்திரம் வந்தது. உள்ளங்கை அகலத்தில் ஓர் எஃகுத் தட்டு, அதில் புள்ளி புள்ளியாக வட்டங்கள். பஞ்சில் வந்ததை வளர்த்து, வளர்ந்ததில் ஒரு துளியைப் பல் குத்தும் குச்சியால் எடுத்து வட்டத்தில் தடவ வேண்டும். தட்டை உள்ளே தள்ளினால் ஒளி பாய்ந்து அடிக்கும். அடிபட்டது தூள்தூளாகச் சிதறி ஒரு குழாய்க்குள் ஓடும். கனமான தூள் மெதுவாக, லேசான தூள் வேகமாக. ஓடி வருகிற நடையை வைத்தே இயந்திரம் இன்னார் என்று பெயர் சொல்லிவிடும். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதுமே வருவது யார் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா, அப்படி.

இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குத் தட்டம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். தட்டம்மை என்று கூப்பிடாத வரைக்கும் சரி என்று அவளும் சிரித்துக்கொள்வாள். அதற்கு முன் மீன் ஏற்றுமதி செய்கிற இடத்தில் வேலை பார்த்தவள். பெட்டி மேல் ஒரு மீனின் பெயர், உள்ளே இருக்கிற துண்டம் வேறு மீன், தோலும் தலையும் இல்லாத துண்டத்தை வைத்து எது என்று சொல்ல வேண்டும், அதுதான் அங்கே அவள் வேலை. மீன் பொய் சொல்லாது, பெட்டிதான் சொல்லும் என்பாள்.

பஞ்சின் வேலையில் ஒரு வரிசை உண்டு. முதலில் வாய், கடைசியில் வடிகால். வாய் என்றால் மாவு டப்பாவுக்குள் கொட்டுகிற குழாய்முனை. ஆலையிலேயே சுத்தமான இடம் அது. வடிகால் அசுத்தமான இடம். சுத்தத்தில் தொடங்கி அசுத்தத்தில் முடித்தால்தான் ஒன்றின் அழுக்கு இன்னொன்றில் ஒட்டாது. அந்த வரிசையை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர. அன்றைக்கு வாயில் மாவு கசிகிறது என்று மெக்கானிக் வந்து கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான். சும்மா நிற்க மனசு வராமல் பஞ்சு வடிகாலை முதலில் தேய்த்தார். மெக்கானிக் போன பிறகு வந்து வாயைத் தேய்த்தார்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை ஓர் அடிபட்ட டப்பாவோடு வீட்டுக்கு வந்தான். நிரப்பும்போது நசுங்கிய டப்பாக்களை விற்க முடியாது, கட்டும் பிரிவில் அவற்றை ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பரிசோதனை முடியாமல் கொடுக்கக் கூடாதுதான், ஆனாலும் கொடுப்பார்கள். தங்கை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னைக்கு ரொப்பினதா, குடுக்கலாமா என்று அண்ணனைக் கேட்டாள். டம்ளர் கழுவுகிற மனுஷன் அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பெருமை கண்ணை மறைத்தது. "நானே பஞ்சு வச்ச வாய்மா அது. தைரியமா குடு" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

பஞ்சில் இருப்பது வளர இரண்டு மூன்று நாள் வேண்டும். அது வளர்ந்து, தட்டில் ஏறி, தட்டு இயந்திரத்துக்குள் போனபோது தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி போடப் போயிருந்தாள். பஞ்சு ஆய்வுக்கூடத்தில்தான் நின்றார். திரையில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. எல்லாம் தெரிந்த பெயர்கள், சாதுக்கள். அப்புறம் வடிகால் என்ற வரியில் அந்த நீளப் பெயர் வந்தது. தட்டம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். வடிகாலில் வருவது கெட்ட சேதிதான், ஆனால் தாங்கக்கூடிய கெட்ட சேதி. அதற்குக் கொஞ்சம் கீழே, வாய் என்ற வரியிலும் அதே பெயர் வந்தது.

தட்டம்மா இன்னொரு முறை தடவி உள்ளே தள்ளினாள். அதே பெயர்தான்.

பெரியவர் வந்துவிட்டால் ஆலையில் ஒரு சட்டம் உண்டு. உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருந்து மூலை முடுக்கெல்லாம் மறுபடி பஞ்சு வைக்க வேண்டும். உறுதியாகும்வரை வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது. பஞ்சுக்குச் சட்டம் எதுவும் காதில் ஏறவில்லை. அடுப்பங்கரை அலமாரியில் நசுங்கி உட்கார்ந்திருக்கும் டப்பாதான் கண்ணில் நின்றது. உள்போன் ஒன்று சுவரில் இருந்தது. அதில் வெளியூர் வெளித்தெரு எதுவும் கிடைக்காது, அலுவலகமும் லாரி நிற்கிற இடமும்தான். அவர் லாரிகள் நிற்கும் இடத்துக்கு அடித்து மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார். சரக்கு ஏற்றிய லாரியோடு அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான், ஆய்வுக்கூடம் சரி என்று சொன்னதும் கிளம்ப. இந்தப் பக்கம் மேலாளர் வந்து நின்றுகொண்டிருந்தார். பச்சையாக எதையும் சொல்ல முடியாது.

"மாப்பிள்ளை, பெரியவர் வாயில இருக்கார். புரியுதா? வீட்ல சொல்லிடுங்க, இப்பவே."

"அப்படியா மச்சான்? இதோ சொல்லிடறேன். இங்க நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க."

போனை வைத்தபோது பஞ்சுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பொழுது சாயும்வரை குனிந்து நிமிர்ந்து தேய்த்தார். ஒவ்வொரு மூலையிலும், இந்நேரம் டப்பாவைக் குப்பையில் போட்டிருப்பாள், இந்நேரம் கடையில் வேறு வாங்கியிருப்பாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தேய்த்தார்.

வேலை விட்டதும் முன்பக்கம் ஓடி வந்தார். லாரி துடைத்துப் பளபளவென்று நின்றது. அதன் பக்கத்தில் மாப்பிள்ளை கழுத்துவரை பொத்தான் போட்டு, தலையில் தொப்பி வைத்து, சிப்பாய் போல நின்றுகொண்டிருந்தான்.

"என்ன மச்சான், பெரியவர் எந்த வாயில்ல இருக்கார்? காலையிலேருந்து விறைச்சுக்கிட்டு நிக்கிறேன், ஆளையே காணோம்."

விஷயம் இதுதான். லாரிக்காரர்களுக்குப் பெரியவர் என்றால் ஆலையின் முதலாளி. முன்கதவுக்கு மேலே இரும்பு எழுத்தில் வாயில் என்று எழுதியிருந்ததால் அவர்கள் கேட் என்று சொல்வதில்லை, வாயில் என்றுதான் சொல்வார்கள். முதலாளி வாயிலில் வந்து நிற்கிறார், சுத்தபத்தமாக இரு என்று மச்சான் ரகசியமாக எச்சரித்ததாக அவன் எடுத்துக்கொண்டான். வீட்டில் சொல்லிவிடு என்றதையும் விடவில்லை. பெண்டாட்டியைக் கூப்பிட்டு, பெரியவர் வந்திருக்கார், சாப்பாட்டுக்கு லேட்டாகும் என்று சொல்லிவிட்டான்.

பஞ்சு அவன் கையைப் பிடித்தார். வண்டி நிற்கிற பக்கம் இழுத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கே ஏதோ புரிந்து தொப்பியைக் கழற்றினான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கை குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். அலமாரியில் டப்பா திறந்து கிடந்தது, பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. உடம்பு கொஞ்சம் சுடுதுண்ணே என்றாள். பஞ்சு தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டாள், தடுப்பூசி போட்ட உடம்பு சுடத்தானே செய்யும், எதற்கு இவ்வளவு பதற்றம் என்று. அந்த இடத்தில் பெரியவர் என்று சொன்னால் யாருக்குப் புரியும்? பஞ்சு அந்த ரயில் பெயரை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். ஒரு பெட்டியும் கழலாமல் முழுசாகச் சொன்னார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஊசியாலயும் இருக்கலாம். ஆனா இதைக் கேட்டப்புறம் நான் சும்மா இருக்க முடியாது."

அந்தப் பொடிக் கையில் நரம்பு தேடி ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ரத்தத்தை வளர்த்துப் பார்க்க வேண்டும், வளர்ந்தால் பெயர் கேட்க இங்கேயும் அதே மாதிரி இயந்திரம் இருக்கிறது என்றார்கள். தங்கை அண்ணனைப் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள், "தைரியமா குடுன்னு சொன்னீங்களேண்ணே?"

மறுநாள் காலையில் மேலாளர் அறைக்கு வரச் சொன்னார்கள். தட்டம்மாவும் இருந்தாள். மேலாளர் கெட்டவர் இல்லை, நெருக்கடியில் இருந்தார். கிடங்கு முழுக்க டப்பா, வாயிலில் சரக்கேற்றிய லாரி. அவர் நிதானமாகவே பேசினார். வடிகாலிலும் வாயிலும் ஒரே பெயர். அன்றைக்கு வரிசை மாறிவிட்டது. வடிகாலைத் தொட்ட கையுறையோடு வாயைத் தொட்டிருந்தால், மாவில் ஒன்றுமில்லை, பஞ்சில்தான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அப்படியானால் எல்லாம் நல்ல டப்பா. டாக்டரம்மா போன் செய்து விசாரித்திருக்கிறாள்; ஆஸ்பத்திரியில் பெயரைச் சொன்னது தப்பு, ஆனாலும் அதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"கையுறை மாத்த மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பஞ்சண்ணே. மனுஷனுக்கு மறதி வராதா? உங்க தங்கச்சி குழந்தைக்கும் அதுதானே நல்லது?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைப் பிடித்து உலுக்கியது. ஆமாம், அதுதான் நல்லது. மறந்திருந்தால் வாய் சுத்தம், டப்பா சுத்தம், குழந்தையின் சூடு வெறும் ஊசிச் சூடு. வேலை போனால் போகட்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலையைத் தேடினார். பழைய கையுறையை உரித்துத் தொட்டியில் போடுவது தெரிந்தது. ஆனால் அது அன்றைக்கா, முந்தின நாளா, போன வாரமா? தினமும் செய்கிற காரியம் தனியாக நினைவில் நிற்பதில்லை. வாசல் கதவைப் பூட்டினேனா என்று பாதித் தெருவில் நின்று யோசிக்கிறோமே, அதே கதைதான்.

கண்ணைத் திறந்தார்.

"மாத்தினேன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியலைங்க. மாத்தலைன்னும் சொல்ல மாட்டேன். மறந்திருக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு, உங்களை விட. அதனாலதான் சொல்ல மாட்டேன்."

மேலாளர் வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். கழுதையைத் தண்ணீரில் இறக்குவது போலத்தான். பஞ்சு சொன்னதையே சொன்னார்.

அப்போது தட்டம்மா வாயைத் திறந்தாள். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிட மாட்டார் என்றாள். இந்த இயந்திரம் குடும்பப் பெயரைத்தான் சொல்லும், எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லாது. அதற்கு இன்னொரு பெட்டி இருக்கிறது, உயிருக்குள் எழுதியிருப்பதை ஆதியோடந்தமாக வாசிக்கிற பெட்டி. மொத்தமே நான்கு எழுத்துள்ள பாஷை அது. வடிகாலில் இருந்ததும் வாயில் இருந்ததும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் பஞ்சில் ஒட்டி வந்திருக்கிறது. வேறு வேறு வீடு என்றால் வாயிலேயே குடியிருக்கிறது. வளர்த்து வாசித்து முடிக்க மூன்று நாள் ஆகும். அதுவரை லாரி நகரக் கூடாது. பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டு வாயை மறுபடி கழற்றச் சொன்னாள். உள்ளே இருந்த ரப்பர் வளையத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. கசிவை நிறுத்த அவன் இறுக்கிப் பூட்டியிருந்தானே தவிர வளையத்தை மாற்றவில்லை. அவளே கையுறை மாட்டி, புதுப் பஞ்சு எடுத்து, வெடிப்பைத் தேய்த்தாள். பஞ்சு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் வேலையை இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. மறக்காமல் நசுங்கிய டப்பாவையும் அவளிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த மூன்று நாளும் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாப்பிள்ளை ஒரு மூலை, பஞ்சு ஒரு மூலை. சூடு இறங்கும், கொஞ்சம் ஏறும். டாக்டரம்மா வந்து போகும்போதெல்லாம் இரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள், அவள் ஒன்றும் சொல்லாமல் போனதும் உட்காருவார்கள். ஒரு தடவை மாப்பிள்ளை, "தொப்பி வேற போட்டேன் மச்சான்" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான்.

சொன்னபடியே தட்டம்மா கூப்பிட்டாள். வாயில் இருந்தது வேறு வீடு. வளையத்து வெடிப்பில் இருந்ததும் வாயில் இருந்ததும் ஒரே வீடு. பஞ்சு எதையும் ஒட்டிக்கொண்டு போகவில்லை, அவர் கை சுத்தம். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது என்றாள். நசுங்கிய டப்பாவின் மாவிலும் அதே பிள்ளை இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது.

தன் கை சுத்தம் என்ற சேதியைக் கேட்டு இப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் உலகத்தில் இருக்க மாட்டார். ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த லாரி எத்தனை வீட்டு அலமாரிக்குப் போயிருக்கும் என்பதெல்லாம் பின்னால்தான் அவருக்குத் தோன்றியது. அப்போது ஒரே ஓர் அலமாரிதான் தெரிந்தது.

டாக்டரம்மா வெளியே வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. அவளாகவே குனிந்து சொன்னாள். ரத்தத்தில் இதுவரை எதுவும் வளரவில்லை. காலையிலிருந்து சூடும் இல்லை. இன்னும் ஒரு நாள் பார்த்துவிட்டு அனுப்புவோம். பால் எப்படிக் கலந்தீர்கள் என்று தங்கையைக் கேட்டாள்.

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனைக் காட்டினாள். "இவர் படுத்தின பாட்டுல கொதிக்கக் கொதிக்கத்தான் கலக்குவேன். ஆத்துறதுக்குள்ள அது அழுது ஊரைக் கூட்டிடும்."

கொதிநீரில் செத்ததா, குழந்தைக்குப் போன கரண்டி மாவில் இல்லாமலே இருந்ததா, அதை எந்தப் பெட்டியும் சொல்லாது என்று தட்டம்மா பின்னால் சொன்னாள். அவள் படித்தவள், சொல்லட்டும். கொதிநீர்தான். அதில் இன்னொரு பேச்சுக்கு இடமில்லை.

மேலாளர் தானே வாயிலுக்கு வந்து லாரியை இறக்கச் சொன்னார். மாப்பிள்ளை தன் கையாலேயே பெட்டிகளை இறக்கிக் கொடுத்தான். வளையம் மாறியது, வாய் முழுக்க மாறியது. அடிபட்ட டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போவது அன்றோடு நின்றது. இப்போது பஞ்சு உள்போனில் பேசினால் மாப்பிள்ளை முதலில் கேட்பது, "எந்தப் பெரியவர் மச்சான், எந்த வாய்?" என்பதுதான். கேட்டுவிட்டுத் தொப்பியைத் தேடுவது போல நடிப்பான்.

ஆலை மறுபடி ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்து அவன் ஒரு புது டப்பா வாங்கி வந்தான், நசுங்காத டப்பா, எல்லாப் பரிசோதனையும் முடிந்து கடைக்கு வந்தது. தங்கை மூடியில் கரண்டிக் காம்பைக் கொடுத்து, நெம்பாமல் நிறுத்திக்கொண்டு, மாடிப்படியில் இறங்கி வருகிற அண்ணனைப் பார்த்தாள். குழந்தை அவள் இடுப்பிலிருந்து கையை நீட்டியது.

"திறக்கலாமாண்ணே?"

அந்த வாயில் பஞ்சு வைத்தவர் அவர்தான், சந்தேகமில்லை. கழுவின டம்ளரை எடுத்து மறுபடி கழுவினார், குழாயை மூடினார்.

"என்னைக் கேக்காதம்மா. தட்டம்மாவுக்கு ஒரு போன் போடு. அதுக்குள்ள தண்ணி கொதிக்கட்டும்."